கொள்ளை நோயும் நம் இல்லங்களும்

2020 மார்ச் 25-ல் கொரோனா ஊரடங்கு தொடங்கியதும் இண்டூர் போன்ற சிற்றூர்களிலும் கதவுகள் அடைபட்டன. அவ்வாண்டு ரமளானில் தராவீஹையும் வீட்டிலேயே தொழுதோம். நோய்க்கு அஞ்சி ஒதுங்குவது தவக்குலுக்கு மாறல்லவா எனச் சிலர் ஐயுறுகின்றனர்.

ஷாம் நாட்டில் கொள்ளை நோய் பரவியதறிந்து ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என அபூஉபைதா (ரலி) வினவ, அவன் விதியிலிருந்து அவன் விதியின்பாலே செல்வதாக விடை பகர்ந்தார்கள். நோயுள்ள ஊருக்குள் செல்லாதீர், நோய் கண்ட ஊரிலிருந்து தப்பியோடாதீர் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) எடுத்துரைத்ததும் உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள்.

எனவே, மீண்டும் தொற்று வந்தால் நாம் செய்ய வேண்டியது என்ன? காய்ச்சலும் இருமலும் கண்டவர் ஜமாஅத்துக்கு வராமல் வீட்டிலேயே தொழட்டும். அவருக்குத் தனி அறை ஒதுக்கி, சன்னலைத் திறந்து வைப்போம். சோப்பிட்டுக் கை கழுவுவோம்.

அரிசி, பருப்பு, மருந்தைத் தேவைக்கு மட்டும் வாங்குவோம். பதுக்கலை மார்க்கம் தடுத்துள்ளது. கூலி வேலை செய்யும் அண்டை வீட்டார் எம்மதத்தவராயினும், அவர் வீட்டு அடுப்பு எரிகிறதா என விசாரிப்போம். பசித்தவர் காய்ச்சலோடும் வேலைக்குப் போவார். நோயும் உடன் போகும். அவருக்கு அளிக்கும் உணவு தர்மம் மட்டுமன்று, நோய்த்தடுப்புமாகும்.

அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.