உடைந்த கலமும் உடையவன் பங்கும்

கலம் உடைந்து கரையொதுங்கிய பொருள் யாருக்கு உரியது? இவ்வினாவுக்கு நம் தீவகத்திலேயே கல்லிற் பொறித்த விடையுண்டு. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு, 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையாகும்.

பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டும். அவர்களுக்குக் காவல் அளிக்கப்படும் என்பது அவ்வாணை. ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. யானை, குதிரை கொணரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கு, ஏனைய மூன்றும் உடையவனுக்கு. வாணிகச் சரக்கேற்றிய கலமாயின் சரிபாதி. யானையும் குதிரையும் அரசனுக்கு வேண்டியவை. ஆதலின் அவற்றைக் கொணர்வோர்க்குச் சலுகை மிகுதி.

அரசன் தன் பங்கை விட்டானல்லன். எனினும் கடலிற் கெட்டவனை வெறுங்கையனாக அனுப்பவுமில்லை. சிங்கள வேந்தன் இதனைத் தமிழில் வெட்டுவித்தமை, அத்துறையில் தமிழுக்கிருந்த இடத்தையும் காட்டும். மாணவர்காள், அம்மனை வணங்கச் செல்லும் நாம் அக்கல்லின் முன்னும் சற்றே நிற்போமாக.