வண்டியினுள் இசை

ஸ்ரீபெரும்புதூரினின்று ஒரகடம் நோக்கிச் செல்லும் பெருவழியை அடுத்துப் பிள்ளைப்பாக்கம் என்னும் ஊர் உளது. அதன் சுற்றுப்புறத்தே, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கம்பெனியார் 1998-ஆம் ஆண்டு முதல் மோட்டார் வண்டிகள் செய்து வருகின்றனர். ஒரகடத்து ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலை 2010-இல் திறக்கப்பெற்றது. இக்காலத்து வண்டிகள் பல, ஆலையினின்று போதரும்பொழுதே இசைக்கருவியும் உடன் பூட்டப்பெற்று வருகின்றன. அவ்விசையின் தரத்தை அறியுமாறு யாங்ஙனம்?

வாங்குவோர் பலர், 'ஸ்பீக்கர் எத்தனை? வாட் எத்தனை?' என வினவி அவ்வளவில் அமைகின்றனர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமோ? விற்பனைக் கூடத்திலோ ஓசையை மிகுத்தே கேட்பிப்பர். அதற்குக் காரணம் உண்டு. ஓசை குறையுங்கால் தாழ்ந்த சுரங்களே செவிக்கு முதலில் மங்கும் என்பதனை 1933-இல் பிளெச்சர், மன்ஸன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் அளந்து காட்டினர். இரு கருவிகளுள் ஒன்று சிறிதே உரத்து ஒலிப்பினும் அதுவே சிறந்ததெனச் செவி மயங்கும். ஆதலின் இரண்டையும் ஒத்த ஓசையில் வைத்தே ஒப்பிடல் வேண்டும்.

அண்மையில் நண்பரொருவரது புது வண்டியிற் பிள்ளைப்பாக்கம் வரை சென்றோம். இசைக்கருவியின் பொருட்டே கூடுதற் பணம் கொடுத்து உயர்தர வண்டி கொண்டவர் அவர். இளமை தொட்டுக் கோயிலில் யாம் பாடிப் பழகிய கீர்த்தனையொன்றைச் சோதனைக்குக் கொண்டோம். அறியாத பாட்டாயின் குறை பாடகருடையதோ கருவியினுடையதோ எனத் துணிதல் அரிது. நின்ற வண்டியில் குரலும் தம்புராவும் மிருதங்கமும் தெளிவுறக் கேட்டன. பெருவழியிற் கண்டெய்னர் லாரிகளினிடையே விரைந்தபொழுதோ, மிருதங்கத்தின் தொப்பியோசை மறைந்தே போயிற்று. சக்கரங்களின் இரைச்சலும் தாழ்ந்த ஓசையே யாகலின், அது தன் இனத்தை விழுங்கிற்று. நண்பர் தாழோசையைக் கூட்டினார். தொப்பி மீளவில்லை, கதவுப் பலகையே கடகடவென அதிர்ந்தது. அவர் முகம் வாடிற்று.

பாடகரும் வலக்கதவினுள் ஒடுங்கினார் போல ஓட்டுவார்க்குத் தோன்றினர். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். இடக்கதவு அரை மீட்டர் சேய்மைத்தாயின் அதன் ஒலி ஒன்றரை மில்லிவிநாடி பிந்தும். முந்தி வந்த பக்கத்தையே செவி நம்பும். சில கருவிகள் அண்மைக் கதவின் ஒலியை வேண்டுமென்றே தாமதிப்பித்து இதனைத் திருத்துகின்றன. எனினும் ஓட்டுவார்க்குத் திருந்தியது பின்னிருப்பார்க்குத் திருந்தியதாகாது. ஆகவே ஒவ்வோர் இருக்கையிலும் அமர்ந்து கேட்டல் நன்று.

திரும்பி வந்து கல்லூரி வாயிலில் எஞ்சினை நிறுத்தினோம். தொப்பி மீண்டும் ஒலித்தது. நண்பர் இறங்காது, பாட்டு முடியுமளவும் அமர்ந்திருந்தார்.