விசாரிப்பும் சிகிச்சைதான்

கேள்வி: ஊசி போடத் தெரிந்தால் போதாதா? நர்ஸுக்குக் கனிவான பேச்சும் வேண்டுமா?
– வாசகி, ஆவடி

பதில்: கட்டாயம் வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் பார்ப்பவர் சர்க்கரை மாத்திரையை விட்டிருந்தாலும், அதட்டுகிறவரிடம் "ஒழுங்காப் போடுறேன்" என்றுதான் சொல்வார். டாக்டரும் அதை நம்பி டோஸைக் கூட்டுவார். ஆபத்து அங்கேதான். "எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்கண்ணா?" என்று கேட்பவரிடம் உண்மை வரும். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து பி.பி. பார்க்கும் பெண் தன்னார்வலர்களின் பலமே இந்த விசாரிப்புதான். எம்.பி.பி.எஸ்.ஸிலும் 2019 முதல் நோயாளியிடம் பேசும் முறை பாடமாகிவிட்டது. ஆனால், நெரிசலான ஓ.பி.யில் ஆளுக்கு இரண்டே நிமிடம் என்றால் எந்தப் பாடமும் உதவாது. நர்ஸைக் குறை சொல்லுமுன், கூடுதல் ஆட்களைப் போடச் சொல்லி அரசைக் கேளுங்கள்.