பூங்கா என்றால் சதுர மீட்டர் மட்டும்தானா?

டவுன் பிளானிங் கணக்கில் பூங்கா என்று வந்தாலே நாம் கால்குலேட்டரை எடுத்து விடுகிறோம். மத்திய அரசின் 2014 நகரத் திட்ட வழிகாட்டி, திறந்தவெளி ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் என்கிறது. மக்கள்தொகையால் பெருக்கினால் விடை வரும், மார்க்கும் வரும். அந்த இடம் எப்படிப்பட்டது என்பது மட்டும் வராது.

சென்னை அடையாறு உப்பங்கழியைப் பாருங்கள். இடிபாடும் குப்பையும் சாக்கடையும் சேர்ந்து தூர்ந்து கிடந்த 58 ஏக்கர், 2011-ல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. மேடாக்கிப் புல்தரை விரிப்பது சுலபம்; நீரூற்றும் வைக்கலாம். அப்படிப்பட்ட பூங்கா எந்த ஊரிலும் இருக்கும். இங்கே குப்பையை அள்ளி, தூர் வாரி, நீர் பரவ இடம் கொடுத்தார்கள். நீரோரம் அலையாத்திச் செடிகள், மேட்டில் நம் கிழக்குக் கடற்கரைக் காட்டுக்கே உரிய மரங்கள் என்று நட்டார்கள். பறவைகள் தேடி வந்தன. இதைப் பெயர்த்துக்கொண்டுபோய்க் கோவையில் வைக்க முடியுமா?

குறையும் உண்டு. திறந்த புதிதில் முன் அனுமதி வாங்கித்தான் போக முடிந்தது. பறவைக்கு அமைதி வேண்டும், வாஸ்தவம். ஆனால் பக்கத்துத் தெருப் பிள்ளைக்கு அது வேலிக்கு அந்தப் பக்கம்தானே? எங்க ஊர் புளியமரத்தடிக்கு கேட் கிடையாது. பஞ்சாயத்து, தூக்கம், தாயம் எல்லாம் அங்கேதான். எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அப்பாவிடம் 'ஓப்பன் ஸ்பேஸ்' என்றால் சிரிப்பார், மரத்தடி என்றால் புரியும்.

அடுத்த சர்வே பிராக்டிகலில் இருக்கிற மரம், மழைத்தண்ணி நிற்கிற பள்ளம், ஜனங்கள் நடந்து நடந்து விழுந்த ஒத்தையடிப் பாதை மூன்றையும் முதலில் ஷீட்டில் குறிப்போம். லே-அவுட் கோடு அப்புறம் போடலாம்.