லைன் லிஸ்ட் ஏற்றப் போகும் பிள்ளைக்கு

இன்றோ நாளையோ உன் கையில் லைன் லிஸ்ட் என்று ஒரு எக்செல் ஷீட்டைக் கொடுத்து, "இதில இருக்கிற டெம்பரேச்சர், பிரஷர், இன்சுலேஷன் எல்லாத்தையும் மாடல்ல ஏத்திடு" என்பார்கள். முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளான பி.டி.எம்.எஸ். ஆனாலும் அதன் வழிவந்த ஈ3டி ஆனாலும் மேக்ரோ எழுதப் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லித் தந்துவிடுவார். அவர் சொல்லாமல் விடக்கூடியதை நான் சொல்கிறேன்.

1. மேக்ரோவைத் திறக்கும் முன் ஷீட்டை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்துவிடு. ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பது பிராசஸ் இன்ஜினியர் ஒருவர் கணக்குப் போட்டுக் கொடுத்த வாக்கு. லைன் லிஸ்டில் இயக்க வெப்பநிலை, வடிவமைப்பு வெப்பநிலை என்று இரண்டு இருக்கும். மாடலில் பைப்புக்கு 'டெம்ப்' என்று ஒரே அட்ரிபியூட்தான். அதில் எது போக வேண்டும், எதற்கு யூ.டி.ஏ. (நாமே உருவாக்கும் அட்ரிபியூட்) போட வேண்டும் என்பதை நீயாக ஊகிக்காதே. எழுந்து போய்க் கேள். புதிதாக வந்தவர் கேட்டால் யாரும் சிரிக்கமாட்டார்கள். ஆறு மாதம் கழித்து அதையே கேட்டால்தான் சிரிப்பார்கள்.

2. எக்செல் கேட்காமலே உதவி செய்யும். அந்த உதவியைச் சந்தேகப்படு. அரை அங்குலம் என்று நினைத்து 1/2 என அடித்தால், கணினியின் அமைப்பைப் பொறுத்து பிப்ரவரி 1 என்றோ ஜனவரி 2 என்றோ ஆக்கி வைக்கும். 12E03 என்ற எண்ணை 12,000 ஆக்கிவிடும். 0045 வெறும் 45 ஆகும். பிறகு 'டெக்ஸ்ட்' என்று மாற்றினாலும் போனது திரும்பாது. ஒட்டுவதற்கு முன்பே மாற்றியிருக்க வேண்டும். இது நம் தொழிலுக்கு மட்டும் வந்த தொல்லை இல்லை. எக்செல் தேதியாக மாற்றிவிடுகிறது என்பதற்காகவே மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயரையே மாற்றினார்கள். 2020இல் வந்த பெயரிடல் நெறிமுறை அதை வெளிப்படையாகவே சொன்னது. விஞ்ஞானிகளே அதற்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள் என்றால் நாம் எம்மாத்திரம்!

3. வெற்றுக் கட்டம் வெற்றாகவே இருக்கட்டும். என் சொல்லில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பாய் என்றால் இதை வை. பி.டி.எம்.எஸ்.ஸில் புதிதாக ஒரு பிராஞ்ச் போட்டு அதன் வெப்பநிலையைக் கேட்டுப் பார், −1,00,000 டிகிரி என்று சொல்லும். முதல் நாள் பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும். உலகத்தில் எந்தப் பொருளும் அவ்வளவு குளிராக இருக்க முடியாது. அதனால்தான் அந்த எண். 'எனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை' என்பதை அந்தப் பைப் அப்படிச் சொல்கிறது. அவசரத்தில் எழுதிய மேக்ரோ வெற்றுக் கட்டத்தைப் பூஜ்யம் என்று வாசித்து அங்கே 0 எழுதிவிடும். பூஜ்யம் டிகிரி நிஜமான வெப்பநிலை, தண்ணீர் உறையும் வெப்பநிலை. அதைப் பார்க்கும் எவருக்கும் சந்தேகம் வராது. இன்சுலேஷன் ஸ்பெக் அந்த எண்ணை நம்பித் தடிமனைத் தேர்ந்தெடுக்கும், அந்தத் தடிமனை நம்பிப் பைப் எதிலாவது முட்டுகிறதா என்று க்ளாஷ் பார்ப்பார்கள். பட்டியல் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று காலிக் கட்டங்களைக் கையால் நிரப்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். நல்ல மனிதர்கள்தான், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மேலாளர் முன் குறையோடு நிற்கக் கூச்சம், அவ்வளவுதான். நீ அந்தக் கூச்சத்தைப் பட்டுக்கொள்.

4. அலகைக் கண்ணால் பார்த்து உறுதி செய். 12 அங்குலப் பைப்பை டி.என். என்னும் மில்லிமீட்டர் கணக்கில் 12 என்று கொடுத்தால் அப்படி ஓர் அளவே கிடையாது, உடனே மாட்டிக்கொள்வாய். 6, 8, 10, 20 கொடுத்தால்தான் வம்பு. 6 அங்குலமும் உண்டு; கால் அங்குலத்தில் பாதியான டி.என். 6ம் உண்டு. 20 அங்குலமும் உண்டு, முக்கால் அங்குலமான டி.என். 20ம் உண்டு. அழுத்தமும் அப்படித்தான்: ஒரு கிலோ பர் சதுர சென்டிமீட்டர் என்பது 0.98 பார். வித்தியாசம் சின்னது என்பதாலேயே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

5. வரிசையை நம்பாதே, பெயரை நம்பு. யாரோ ஒரு நெடுவரிசையை மட்டும் சார்ட் பண்ணிவிட்டால் நீராவியின் வெப்பம் குளிர்நீர்ப் பைப்புக்குப் போய்விடும். ஒவ்வொரு வரியையும் லைன் பெயரை வைத்தே மாடலில் தேடு. பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, மென்பொருளுக்குத் தெரியும்.

6. 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது இந்த வேலையில் செல்லாது. ஒரு லைன் சரியாக ஏறியதால் மற்றவையும் ஏறிவிட்டதாக ஆகாது. வேறொருவர் ஒரு பைப்பைத் தான் திருத்துவதற்காகக் க்ளெய்ம் பண்ணி வைத்திருந்தால் அதில் உன் எண் ஏறாது. பிழைகளைப் பொருட்படுத்தாத மேக்ரோவோ அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும், கடைசியில் 'முடிந்தது' என்றும் சொல்லும். 2020இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் வராமல் போனதை நினைத்துக்கொள். பழைய எக்செல் கோப்பு வகையில் 65,536 வரிக்கு மேல் இடம் கிடையாது. கோப்பு நிரம்பிய பிறகு வந்தவை வெளியே நின்றன. ஷீட்டில் எத்தனை லைன், மாடலில் எத்தனை மாறின என்று எண்ணி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்.

7. ஏற்றும் முன் சேவ்வொர்க் கொடுத்து, பழைய மதிப்புகளையெல்லாம் ஒரு கோப்பில் இறக்கி வைத்துக்கொள். எந்த ரிவிஷனில் இருந்து ஏற்றினாய் என்பதை ஒரு யூ.டி.ஏ.வில் எழுது. ரிவிஷன் பி வந்ததும் முழுவதையும் மறுபடி கொட்டாதே. நடுவில் யாராவது காரணத்தோடு கையால் திருத்தியிருக்கலாம். மாறியதை மட்டும் பிரித்தெடு. திருத்தியவர் யாரென்று தெரிந்தால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏற்று, வயதில் இளையவராக இருந்தாலும்.

8. வேலை முடிந்ததும் லீடிடம் போகும்போது ஏறாத லைன்களின் பட்டியலை முதலில் நீட்டு. எது பெயர் பொருந்தாதது, எது க்ளெய்மில் மாட்டியது, எதற்கு பிராசஸ் இன்னும் எண் தரவில்லை என்று பக்கத்திலேயே எழுதி வை. ஏறியவற்றை அவர் மாடலிலேயே பார்த்துக்கொள்வார்.