முதல் ஐந்து நிமிடம் நம் கையில்



சென்ற இதழில் குடிதண்ணீரைக் கொதிக்க வைப்பது பற்றிப் படித்தோம். இந்த இதழில் அதைவிட அவசரமான ஒரு பாடம். இது டாக்டர் ஐயாமாருக்கு எழுதப்பட்டதல்ல. கொழுந்து எடுக்கும் அக்காமாருக்கும், கவ்வாத்து வெட்டும் அண்ணன்மாருக்கும், பிள்ளை மடுவத்து ஆயாம்மாவுக்கும், பள்ளிக்கூடம் போகும் தம்பி தங்கைமாருக்கும் எழுதப்பட்டது. ஏனென்றால் ஆபத்து வரும் நேரத்தில் பக்கத்தில் நிற்பது நீங்கள்தான்.

நாம் கண்ட இரண்டு சம்பவங்கள்

இருபது வருடங்களுக்கு முன், நாம் இந்த உத்தியோகத்துக்கு வந்த புதிது. ஒரு நாள் பகல் பதினொரு மணியிருக்கும். மேட்டு லயத்தில் கூச்சல் கேட்டு ஓடினோம். இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று வறுத்த கடலையை வாயில் போட்டுக்கொண்டு ஓடி விளையாடியிருக்கிறது. கடலை மூச்சுக்குழாயில் போய் அடைத்துவிட்டது. தாய் மலையில். வீட்டில் பாட்டி மட்டும். நாம் போகும்போது முப்பது பேராவது கூடி நின்றார்கள். ஒருவர் தண்ணீர் பருக்கினார். ஒருவர் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார். ஒருவர் திருநீறு பூசினார். கங்காணி லொறி தேடி ஓடினார். லொறி வந்து, பிள்ளையை ஏற்றி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

அங்கிருந்த வைத்தியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "யாராவது பிள்ளையைக் குப்புறப் பிடிச்சு முதுகில தட்டினீங்களா?" ஒருவரும் பதில் சொல்லவில்லை. அந்த முப்பது பேரில் நாமும் ஒருவராக நின்றோம். நலன்புரி உத்தியோகத்தர் என்ற பெயர் இருந்தது, என்ன செய்வதென்ற அறிவு இருக்கவில்லை. அந்தக் கேள்வி இன்றும் நம் காதில் கேட்கிறது.

இரண்டாவது சம்பவம் சமீபத்தியது. மலையில் சாப்பாட்டு நேரம். ஒரு அக்காவுக்கு ரொட்டித் துண்டு தொண்டையில் இறுகிவிட்டது. பேச முடியவில்லை, இரும முடியவில்லை, முகம் கறுத்து வருகிறது. பக்கத்தில் இருந்த இன்னொரு அக்கா, ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், கூடையைக் கழற்றி எறிந்துவிட்டு அவரைக் குனிய வைத்து முதுகில் ஓங்கித் தட்டினார். நாலாவது தட்டில் ரொட்டி வெளியே வந்து விழுந்தது. அவ்வளவுதான். பிறகு இருவரும் கட்டிப் பிடித்து அழுதார்களாம்.

"எங்க கத்துக்கிட்டீங்க?" என்று நாம் கேட்டோம். "எம் மக பள்ளிக்கூடத்துல படிச்சிட்டு வந்து தலகாணிய வச்சு செஞ்சு காட்டுனா ஐயா. நான் அடுப்படியில நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

உறவுகளே, முதல் சம்பவத்தில் முப்பது பேர் இருந்தார்கள், அறிவு இல்லை. இரண்டாவதில் ஒருவருக்கு அறிவு இருந்தது, உயிர் பிழைத்தது. இந்தப் பாடத்தின் சாரம் இதுதான்.

ஏன் இந்த அவசரம்?

மூச்சும் இரத்த ஓட்டமும் நின்றுவிட்டால், நாலு ஐந்து நிமிடத்துக்குள் மூளை பழுதடையத் தொடங்கும். நம் தோட்டத்துப் பாதையில் எந்த வாகனமும் ஐந்து நிமிடத்தில் வராது. ஆகவே அந்த ஐந்து நிமிடமும் பக்கத்தில் நிற்பவருடையது.

"படிக்காத நம்மளால என்ன செய்ய முடியும்?" என்று சிலர் கேட்பார்கள். இத்தாலியில் 1859ஆம் ஆண்டு சொல்ஃபெரினோ என்ற இடத்தில் பெரிய யுத்தம் நடந்தது. காயப்பட்ட ஆயிரக்கணக்கானோர் பக்கத்து ஊரில் கொண்டுவந்து போடப்பட்டார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, காயம் கழுவிக் கட்டியவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். அவர்களை ஒன்றுசேர்த்த ஹென்றி டுனாண்ட் ஒரு வியாபாரி, டாக்டர் அல்ல. அங்கே அவர் கண்டதிலிருந்துதான் செஞ்சிலுவை இயக்கமே பிறந்தது. 1901இல் முதலாவது நோபல் சமாதானப் பரிசைப் பெற்ற இருவரில் அவரும் ஒருவர்.

இனி பாடத்துக்கு வருவோம். ஒவ்வொன்றையும் வீட்டில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் செய்து பாருங்கள்.

1. தொண்டையில் அடைத்தால்

இருமிக்கொண்டிருந்தால் இரும விடுங்கள், தட்டாதீர்கள். சத்தமே வராமல் தொண்டையைப் பிடித்துக்கொண்டு திணறினால் உடனே குனிய வைத்து, இரண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 தரம் ஓங்கித் தட்டுங்கள். வெளியே வராவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே ஒரு கையைப் பொத்தி வைத்து, மற்றக் கையால் அதைப் பிடித்து, உள்ளேயும் மேலேயுமாக 5 தரம் அழுத்துங்கள். இந்த வயிற்று அழுத்தத்தை 1974இல் ஹெய்ம்லிக் என்ற அமெரிக்க வைத்தியர் அறிமுகப்படுத்தினார். வெளியே வரும்வரை இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். கர்ப்பிணித் தாய்க்கு வயிற்றில் அழுத்தாமல் நெஞ்சில் அழுத்த வேண்டும். வயிற்றில் அழுத்தப்பட்டவரைப் பிறகு வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது. முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, முதுகில் 5 தரம் தட்டுங்கள். பிறகு மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் 5 தரம் அழுத்துங்கள்.

கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போகும். ஐந்து வயது வரை பிள்ளைகளுக்கு முழுக் கடலை கொடுக்காதீர்கள்.

2. கத்தி வெட்டும் இரத்தமும்

கவ்வாத்துக் கத்தி பட்டால் நம்மவர்கள் கோப்பித்தூளையும் சுண்ணாம்பையும் தேடுவார்கள். இரண்டும் காயத்தை அழுக்காக்கும். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, கை வலிக்க அழுத்திப் பிடியுங்கள். "நின்னுடிச்சா" என்று ஒரு நிமிடத்துக்கு ஒரு தரம் திறந்து பார்க்காதீர்கள். முதல் துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொரு துணியை வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள். கம்போ கம்பியோ குத்தி நின்றால் அதைப் பிடுங்கக் கூடாது. அது அசையாமல் இருக்கத் துணியைச் சுற்றி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

3. தீக்காயமும் சுடுதண்ணியும்

சின்னக் காம்பிராவில் அடுப்பும் பிள்ளையும் ஒரே இடத்தில். தேத்தண்ணிக் கேத்தல் சரிந்தால் முதல் மருந்து பீலித் தண்ணிதான். 20 நிமிடம் அந்த இடத்தை ஓடும் தண்ணியில் பிடியுங்கள். நம் மலைக் குளிரில் பிள்ளை நடுங்கும். ஆகவே காயப்பட்ட இடம் மட்டும் தண்ணியில் இருக்க, மற்ற உடம்பைக் கம்பளியால் போர்த்துங்கள். வளையல், மோதிரம் இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியை இழுக்காதீர்கள். பற்பசை, எண்ணெய், மை எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

உடுப்பில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. ஓடினால் தீ வளரும். கீழே படுத்து உருள வேண்டும். பக்கத்தில் நிற்பவர் தடித்த சாக்கு அல்லது கம்பளியால் மூடி அணைக்கலாம்.

4. குளவி கலைந்தால்

இது நம் தோட்டங்களின் தீராத துன்பம். குளவி கலைந்தவுடன் சாக்கோ படங்கோ எது கையில் இருக்கிறதோ அதனால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு விலகி ஓடுங்கள். கையை வீசி அடிக்காதீர்கள். விட்டுவந்த கூடையை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள். கூடையை நாளைக்கு எடுக்கலாம். தோலில் கொடுக்கு நின்றால் நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள்.

உதடு, நாக்கு வீங்கினால், மூச்சு இழுத்தால், தலை சுற்றினால், உடம்பெல்லாம் தடித்தால் அது உயிராபத்து. எழுப்பி நடக்க வைக்காதீர்கள். படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்கார விடுங்கள். வாகனம் வரும்வரை தனியே விடாதீர்கள். பல இடத்தில் கொட்டியிருந்தால், இந்த அடையாளங்கள் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்.

5. பாம்பு கடித்தால்

கயிறு கட்டாதீர்கள், வெட்டாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். பாம்பைப் பிடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபட வேண்டாம். கடித்த கையையோ காலையோ ஆடாமல் வைத்து, மோதிரம், கொலுசைக் கழற்றி, கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடிபட்டவர் நடக்கக் கூடாது. கம்பளியில் தூக்கிக்கொண்டு வாருங்கள். விஷமுறிவு மருந்து இருப்பது பெரிய ஆஸ்பத்திரியில். மந்திரிக்கப் போகும் நேரம் உயிரிலிருந்து கழியும் நேரம்.

6. வலிப்பு வந்தால்

இரும்பைக் கையில் கொடுப்பதால் வலிப்பு நிற்காது. வாயில் கரண்டியோ துணியோ திணிக்கக் கூடாது. கல், அடுப்பு முதலியவற்றை விலக்கி, தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, வலிப்பு அடங்கியதும் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரி.

7. மூச்சுப் பேச்சு இல்லாவிட்டால்

தோளில் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, சரியாக மூச்சும் இல்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். மல்லாக்கத் தரையில் கிடத்துங்கள். நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கை, அதன் மேல் மற்றக் கை. முழங்கை மடியாமல் உடம்புப் பாரத்தால் 5 சென்ரிமீற்றர் அளவு ஆழமாக, நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம் அழுத்துங்கள். ஒவ்வொரு தரமும் நெஞ்சு மேலெழும்ப விடுங்கள். களைத்தால் அடுத்தவர் பொறுப்பெடுக்கட்டும். வாய்வழி மூச்சுக் கொடுக்கப் பழகியவர்கள் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சுக் கொடுக்கலாம். பழகாதவர்கள் அழுத்தினால் மட்டும் போதும். சிறு பிள்ளைகளுக்கும் தண்ணீரில் மூழ்கியவருக்கும் மட்டும் மூச்சுக் கொடுப்பது மிக முக்கியம். ஆகவே தாய்மார் அதையும் பழக வேண்டும்.

இந்த முறையை 1960இல் அமெரிக்காவில் கூவன்ஹோவனும் அவரது துணைவர்களும் உலகுக்குச் சொன்னார்கள். கூவன்ஹோவன் ஒரு மின்சார எஞ்சினியர். இதற்குத் தேவைப்படும் கருவி இரண்டு கைகள் மட்டுமே.

கவனியுங்கள்: மின்சாரம் தாக்கியவரை மெயின் சுவிட்சை நிறுத்தும் வரை தொடக் கூடாது. இடி விழுந்தவரைத் தொடலாம், அவர் உடம்பில் மின்சாரம் நிற்காது. தண்ணீரில் தத்தளிப்பவருக்குக் கயிறோ கம்போ எறியுங்கள். நீச்சல் தெரியாமல் குதித்தால் வீட்டுக்கு இரண்டு சாவு.

1990ஐ அழைத்தல்

2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்த 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தது. கட்டணம் இல்லை. தமிழில் பேசலாம். பதறாமல் தோட்டத்தின் பெயர், டிவிஷன், பக்கத்துக் கோயில் அல்லது பாலம், என்ன நடந்தது என்று சொல்லுங்கள். அவர்கள் வைக்கும் வரை போனை வைக்காதீர்கள். ஒருவர் போனில் பேச, ஒருவர் உதவி செய்ய, ஒருவர் பெரிய ரோட்டுக்குப் போய் வண்டிக்கு வழிகாட்ட நில்லுங்கள். அம்புலன்ஸ் ஏற முடியாத பாதையென்றால் கொழுந்து லொறியையும் அதே நேரத்தில் சொல்லி வையுங்கள்.

பயம் வேண்டாம்

"தப்பாச் செஞ்சு குத்தம் நம்ம தலையில வந்திருமோ?" இதுதான் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி. மூச்சு நின்றவருக்கு நீங்கள் சும்மா நிற்பதைவிடப் பெரிய கெடுதல் செய்ய முடியாது. "பொம்பளை நான், அந்நிய ஆம்பளய எப்படித் தொடுறது?" உயிர் போகும் நேரத்தில் அது அண்ணன் நெஞ்சு, தம்பி நெஞ்சு. அப்படித்தான் நினைக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தும் சிலர் பிழைப்பதில்லை. அப்போது உதவியவரைக் குறை பேசாதீர்கள். இன்று அவரைப் பழித்தால் நாளைக்கு உங்கள் பிள்ளைக்கு ஒருவரும் முன்வர மாட்டார்கள்.

கேள்விகள் (பெரியவர்கள் கேட்க, பிள்ளைகள் பதில் சொல்ல)

1. எட்டு மாதக் குழந்தைக்கு அடைத்தால் எங்கே தட்டுவது? எங்கே அழுத்தக் கூடாது?
2. சுடுதண்ணி பட்ட கையை எவ்வளவு நேரம் தண்ணியில் பிடிப்பது?
3. முதல் துணி இரத்தத்தில் நனைந்தால் என்ன செய்வது?
4. 1990இல் முதலில் என்னென்ன சொல்வது?

வீட்டு வேலை

ஒவ்வொரு காம்பிராவிலும் கதவுக்குப் பின்னால் 1990 என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். கீழே தோட்டத்து ஆஸ்பத்திரி நம்பரும் லொறிச் சாரதியின் நம்பரும் இருக்கட்டும். லயத்துக்கு இரண்டு பேராவது முதலுதவி பழக முன்வாருங்கள். பெயர்களை நம் அலுவலகத்தில் கொடுத்தால், பயிற்சி கொடுப்பவர்களை பெரட்டுக் களத்துக்கே அழைத்து வர ஒழுங்கு செய்வோம்.

வீட்டில் ஒரு தலையணை இருக்கிறது. இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அதை வைத்துப் பழகிப் பாருங்கள். அந்த அக்காவின் மகள் செய்தது அதைத்தான். இனி ஒரு லயத்தில் முப்பது பேர் கூடி நின்றால், அதில் ஒருவராவது "தள்ளுங்க, எனக்குத் தெரியும்" என்று முன்னுக்கு வர வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.