மாப்பிள்ளைக்கு, மாயாவி விஷயமாக

அருள்புரம்,
ஞாயிறு மாலை.

அன்பு மாப்பிள்ளைக்கு,

உங்கம்மா நேற்று வந்திருந்தாள். நீ பழைய முத்து காமிக்ஸ் ஒன்றைப் பதினைந்தாயிரத்துக்குப் பேசி, பாதி முன்பணமும் கொடுத்துவிட்டாயாமே. மீதியைச் சம்பளம் வந்ததும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாயாம். "உங்க புத்திதாண்ணா அவனுக்கும். நீங்களே பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். போனில் பேசினால் "சரிங் மாமா, சரிங் மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

பொங்கலுக்கு வந்தபோது, "நானெல்லாம் நாப்பது வருசம் முன்னாடியே பொறந்திருக்கணும் மாமா" என்றாய். அன்றைக்குச் சிரித்துவிட்டு விட்டேன். இப்போது அந்தப் பேச்சுக்கு விலை பதினைந்தாயிரம் என்று தெரிந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

நாற்பது வருஷம் முன்னால் இங்கே என்ன இருந்தது என்று சொல்கிறேன், கேள். 1984 ஜூலையில் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் வந்தது. அதே மாதம் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் வந்தது. முத்து காமிக்ஸ் 1972இலேயே 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிவிட்டது. அதன் பழைய இதழ்களெல்லாம் அப்போதே அட்டை கிழிந்துதான் எங்கள் கைக்கு வந்தன. ராணி ஒன்றரை ரூபாய். தேதி தவறாமல் பெட்டிக்கடையில் தொங்கும். லயனும் முத்துவும் அப்படியில்லை. எப்போது வரும், எந்தக் கடைக்கு வரும் என்று எவனுக்கும் தெரியாது. சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு, பல்லடம் ரோட்டில் பஸ் ஏறித் திருப்பூர் போய், கடை கடையாகக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிய சனிக்கிழமைகள்தான் அதிகம். தொடர்கதையில் மூன்றாம் பாகம் கிடைக்கும், இரண்டாம் பாகம் கிடைக்காது. நடுவில் என்ன நடந்திருக்கும் என்று நாங்கள் வேலை செய்த துணி பிரிண்டிங் டேபிளின் அந்தப் பக்கம் ஒருவனும் இந்தப் பக்கம் ஒருவனும் நின்று நாங்களே கதை கட்டிக்கொண்டோம். அது சுகமாகத்தான் இருந்தது. இரண்டாம் பாகம் கிடைத்திருந்தால் இன்னும் சுகமாக இருந்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு சரியாக வரும்.

அச்சைப் பற்றிக் கேட்காதே. நான் துணியில் பிரிண்ட் போட்டவன். ஒரு ஸ்கிரீன் நூலளவு நகர்ந்தாலும் சிவப்பு மை கோட்டைத் தாண்டி வழியும், பீஸ் செகண்ட்ஸில் போய் விழும். அந்தக் கணக்குப்படி பார்த்தால் நாங்கள் கொண்டாடிய அட்டைகளில் பாதி காதர்பேட்டை செகண்ட்ஸ் சரக்கு. உதடு ஓரிடம், உதட்டுச் சிவப்பு வேறிடம். உள்ளே நியூஸ் பிரிண்ட் தாளில் கறுப்பு மை. ஐரோப்பாவில் பெரிய தாளில் வந்த படங்களைப் பாக்கெட் சைஸுக்குச் சுருக்கியதில் வசனத்தைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு படிக்க வேண்டும்.

வரைந்தவர் யார் என்றும் தெரியாது. இரும்புக்கை மாயாவியை வரைந்தவர் ஸ்பெயினைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. இங்கிலாந்தில் 1962இல் தொடங்கிய 'வேலியண்ட்' இதழில் வந்தது அது. மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை மட்டும் தெரியும், ஆள் மறைந்துவிடுவான். அந்த வெறும் கையை வைத்தே பயத்தையும் அவசரத்தையும் காட்டிய மனுஷனின் பெயரை எனக்குத் தலை நரைத்த பிறகு ஈரோட்டில் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நாங்கள் படித்த இன்னொரு நாயகன் ஸ்பைடரின் கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்பதும் அதே நாளில்தான் தெரிந்தது. நீ இதையெல்லாம் பன்னிரண்டு வயதிலேயே தெரிந்து வைத்திருந்தாய். அப்புறம் எதற்கு எங்கள் காலம் உனக்கு?

எங்களுக்கு அன்றைக்கு இல்லாத பெரிய விஷயம் ஆட்கள். ஊரில் இன்னும் எத்தனை பேர் இதைப் படிக்கிறார்கள் என்றே தெரியாது. புத்தகத்தில் வரும் வாசகர் கடிதத்தில் பெயருக்குக் கீழே ஊர் போட்டிருக்கும். கடிதத்தை விட்டுவிட்டு ஊர்ப் பெயர்களைத்தான் முதலில் பார்ப்போம். திருப்பூர் என்று ஒன்று கண்ணில் பட்டால் போதும், யாராக இருக்கும், எந்த பனியன் கம்பெனியில் இருப்பான் என்று ஒரு வாரம் பேச்சு ஓடும். அமெரிக்காவிலும் இப்படித்தான் தொடங்கியிருக்கிறது. 1961வாக்கில் அங்கே ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் என்ற ஆசிரியர் வாசகர் கடிதத்தோடு முழு முகவரியையும் அச்சிட்டார். அதைப் பார்த்து ஒருவருக்கொருவர் எழுத ஆரம்பித்தார்கள். அதே 1961இல் ஜெர்ரி பெய்ல்ஸ் 'ஆல்டர் ஈகோ' என்று ரசிகர்களுக்காகவே ஒரு சிற்றிதழ் தொடங்கினார். 1964இல் நியூயார்க்கில் ஒரு சின்னக் கூட்டம். 1970இல் சான் டியாகோவில் மூன்று நாள் கூடியபோது வந்தவர்கள் முந்நூறு பேர்தான். இப்போது அங்கே லட்சத்துக்கு மேல் கூடுகிறார்கள், சினிமாக்காரர்கள்தான் முன்வரிசை. அந்த முந்நூறு பேரில் ஒருவனாக இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிற அமெரிக்கப் பையன்கள் நிறைய இருப்பார்கள். உன்னைப் போல.

2024இல் சென்னை டிரேட் சென்டரில் காமிக் கான் நடந்தபோது போய்விட்டு வந்து குறைபட்டுக்கொண்டாய். ஜப்பான் காமிக்ஸ் வேஷம் கட்டிய பிள்ளைகள், பொம்மைக் கடைகள், டி-ஷர்ட் கடைகள், புத்தகம் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது என்றாய். டி-ஷர்ட் கடையைக் குறை சொல்லாதே, அது எங்கிருந்து வந்தது என்று உனக்கே தெரியும். அந்தப் பிள்ளைகளையும் குறை சொல்லாதே. ஒரு ஆசையைப் பல மாதம் தைத்து மேலே போட்டுக்கொண்டு வெயிலில் நிற்கிறார்கள். நாங்கள் அட்டையைக் கிழித்துச் சுவரில் ஒட்டினோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, உன் பதினைந்தாயிரத்துக்கு வருகிறேன்.

என் தகரப் பெட்டியை நீ பார்த்திருக்கிறாய். அதில் பாதி என்னுடையது இல்லை என்பது உனக்குத் தெரியாது. 2011 ஜனவரி 28ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. தீர்ப்பு தப்பு என்று நான் சொல்லமாட்டேன். சாயத் தண்ணீர் ஓடிய நொய்யல் ஆற்றைப் பார்த்தவன் சொல்லவும் முடியாது. ஆனால் சாயம் நின்றதும் துணி நின்றது, துணி நின்றதும் எங்கள் டேபிளும் நின்றது. தெற்கத்திப் பக்கமிருந்து வந்தவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்பினார்கள். வண்டி வாடகைக்கு ஆகாத சாமானெல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போயிற்று. தேனிக்காரர் ஒருவர், என்னோடு டேபிளின் எதிர்ப்பக்கம் நின்றவர், தன் புத்தகங்களைக் கிலோ விலைக்குப் போட மனசு வராமல் என் வீட்டுத் திண்ணையில் இறக்கிவிட்டுப் போனார். நியூஸ் பிரிண்ட் எடைக்கு நல்ல விலை வராது என்று ஒரு காரணமும் சொன்னார். காரணம் அதுவாக இருக்காது.

அந்தக் கட்டில் ஒரு மாயாவி இருக்கிறது. நீ விலை பேசியிருக்கும் அதே கதை. இப்போது பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அட்டை இல்லை. பழைய காலண்டர் தாளை மடித்து ஒட்டியிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் வாடகைப் புத்தகக் கடை ஒன்றின் ஊதா முத்திரை. அதற்குக் கீழே ஒரு பெயர், இங்க் பேனாவில். அதை அடித்துவிட்டு இன்னொரு பெயர். அதையும் அடித்துவிட்டுப் பென்சிலில் ஒன்று. அதற்கும் கீழே தேனிக்காரர் கையெழுத்து. கடைசிப் பக்கத்துப் போட்டியில் யாரோ விடைகளை நிரப்பியிருக்கிறார்கள், அதை வேறொருவர் சிவப்பு மையில் திருத்தி மார்க்கும் போட்டிருக்கிறார். நடுப்பக்கத்தில் டீ டம்ளர் வைத்த வட்டம். வியாபாரியிடம் காட்டினால் இதையெல்லாம் சேதம் என்று சொல்லி இருநூறு ரூபாய்க்குக் கேட்பான். நீ வாங்கப் போவதில் இதில் ஒன்றுமே இருக்காது. ஒருவனும் ஆசையாகப் படிக்காத புத்தகம்தான் அவ்வளவு சுத்தமாக இருக்கும். அதற்கு விலை அதிகம் என்பது சந்தையின் கணக்கு, அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் எங்கள் காலம் வேண்டும் என்று கேட்டவன் நீ. அது வியாபாரியின் கவருக்குள் இல்லை.

கதைதான் வேண்டுமென்றால் மறுபதிப்பே வந்துவிட்டது, நல்ல தாளில்.

வாங்கியே தீருவேன் என்றால் ஏமாறாமலாவது வாங்கு. பின்னைப் பார். நிஜமான பழசு என்றால் துரு தாளுக்குள் இறங்கி, நடுப்பக்கத்திலும் அதே இடத்தில் கறை இருக்கும். புதுப் பின் மினுங்கினால் பிரித்துச் சேர்த்தது. தாளின் பழுப்பு ஓரத்திலிருந்து உள்ளே வர வேண்டும். மரக்கூழில் இருக்கும் லிக்னின் காற்றும் வெளிச்சமும் பட்டுத்தான் பழுக்கிறது, ஓரம்தான் முதலில் படும். பக்கம் முழுக்க ஒரே சீராகப் பழுத்திருந்தால் டீத்தண்ணி வேலை. சாயம் போட்டதற்கும் தானாக நிறம் மாறியதற்கும் வித்தியாசம் தெரியாமல் அருள்புரத்தில் வளர்ந்தேன் என்று யாரிடமும் சொல்லிவிடாதே. வாங்கிய பிறகு கடையில் விற்கும் மலிவு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு ஒட்டாதே, ஈரம் உள்ளேயே நிற்கும். இரும்பு பீரோவில், வெயில் படாத தட்டில், இறுக்கித் திணிக்காமல் வை.

நான் சொல்ல நினைத்தது இதுதான். உனக்கு முன்னால் நடந்ததை விலைக்கு வாங்காதே, இப்போது நடப்பதற்குள் போய் நில். லயனும் முத்துவும் நடுவில் தடுமாறி, வருமா வராதா என்று இருந்து, 2012 ஜனவரியில் கம்பேக் ஸ்பெஷலோடு திரும்பி வந்தன. அதற்குப் பிறகு வந்த கலரும் தாளும் எங்களுக்குக் கனவிலும் கிடைக்காதவை. அதே சிவகாசி, அதே குடும்பம். முத்துவைத் தொடங்கியவர் சௌந்தரபாண்டியன், இரண்டையும் நடத்துபவர் அவர் மகன் விஜயன். பதினைந்தாயிரத்தில் ஒரு வருஷச் சந்தா கட்டினாலும் மிச்சம் இருக்கும். வருகிறதைப் படி. பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று ஆசிரியருக்கு எழுது, கீழே ஊர்ப் பெயரைப் போடு.

படித்ததை ஆபீஸில் யாருக்காவது கொடு. திருப்பித் தராதவன் ஒருவன் கட்டாயம் இருப்பான். அவனுக்கும் கொடு, புத்தகம் ஓடிக்கொண்டிருக்கும்.

ஈரோட்டுக்கு வா. ஆகஸ்டில் புத்தகத் திருவிழா நடக்கும்போது காமிக்ஸ் வாசகர்கள் ஒரு நாள் கூடுவார்கள். 2014இல் லயனின் முப்பதாம் ஆண்டுக்கு 'லயன் மேக்னம் ஸ்பெஷல்' வந்தது அங்கேதான். பெரிய மேடை கிடையாது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, டெக்ஸ் வில்லர் இன்னும் வேண்டும் என்று ஒரு கட்சி, குதிரையும் துப்பாக்கியும் போதுமடா சாமி என்று ஒரு கட்சி. நரைத்த தலைகள் அதிகம், அதை மறைப்பானேன். மாயாவியை மறுபடி மறுபடி கேட்பதும் நாங்கள்தான். உன் வயதுக்காரன் எழுந்து "வேற ஏதாச்சும் புதுசா போடுங்க சார்" என்று சொன்னால் கொஞ்சம் முறைப்போம், அப்புறம் டீ வாங்கித் தருவோம். நாற்பது வருஷம் கழித்து எவனாவது, அன்றைக்கு ஈரோட்டில் இருந்திருக்கணும் என்று சொல்வான். நீ வண்டியேறினால் போதும், அங்கே இருந்தவன் ஆகிவிடுவாய்.

தேனிக்காரரும் இந்தத் தடவை வருகிறேன் என்றிருக்கிறார். பெட்டியில் அவர் பங்கை அவர் எடுத்துக்கொள்ளட்டும். வேண்டாம் என்றால் உனக்கு, ஆனால் அவர் வாயால் சொல்ல வேண்டும். என் பங்கை எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொண்டு போ. இரவல் கேட்பவனுக்கு இல்லை என்று சொல்லக் கூடாது, ஒரே நிபந்தனை.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பார். பாதியாவது வந்தால் லாபம். வந்தாலும் வராவிட்டாலும் உங்கம்மாவிடம் நீயே சொல்லிவிடு, என்னை நடுவில் இழுக்காதே.

அன்புடன்,
மாமா